நத்தை ஓட்டில் மழையின் வரலாறு

மழையைப் பொறுத்தவரை ஆனைமலைத் தொடர் ஒரு பெருஞ்சுவர் போன்றது. அதன் வடக்கே பாலக்காட்டுக் கணவாயும், தெற்கே இடுக்கி மாவட்டத்தின் உயர்ந்த மலைகளும், வடகிழக்கே கோயம்புத்தூர்ச் சமவெளியும் அமைந்துள்ளன. ஜூன் மாதத்தில் அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று இச் சுவரின் மேற்குப் புறத்தில் மோதி மேலெழுந்து, தன் ஈரத்தின் பெரும்பகுதியை அங்கேயே சொரிந்துவிடுகிறது. மூணாற்றில் ஆண்டுதோறும் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அங்கிருந்து மறையூர் வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் சென்றால் தமிழ்நாட்டின் எல்லையில் சின்னாற்றுக் காடுகள் வருகின்றன. அங்கு ஆண்டு மழை ஏறக்குறைய 500 மில்லிமீட்டரே. அதிலும் பெரும்பகுதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கொணர்வதாகும். ஒரே மாவட்டத்தில், அரை நாள் பயணத் தொலைவில், ஈரக்காடும் முட்காடும் காணக்கிடைக்கின்றன.

இவ்விரு வகை நிலங்களிலும் வாழும் ஓர் எளிய பிராணி நத்தை. மேற்குத் தொடர்ச்சி மலைகளில் ஏறக்குறைய 270 இன நில நத்தைகள் உள்ளன என்றும், அவற்றுள் பெரும்பாலானவை வேறெங்கும் காணப்படாதவை என்றும் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். தோட்டக்காரருக்கு இப் பிராணி ஒரு தொல்லை. இரசாயன விஞ்ஞானிக்கோ அது தன் முதுகில் ஒரு மழைக் குறிப்பேட்டைச் சுமந்து செல்லும் சாட்சி. அச் சாட்சியம் எவ்வாறு பதிவாகிறது, அதை எவ்வாறு படிப்பது, எந்த அளவுக்கு நம்பலாம் என்பவற்றை இங்கு காண்போம்.

மழைமானிக்கு முந்திய காலம்

இந்தியாவின் மழை அளவைத் தொடர்ச்சியாகக் கூறக்கூடிய தேசியக் கணக்கு 1871ஆம் ஆண்டிலிருந்துதான் கிடைக்கிறது. ஆதலால் பருவமழையின் போக்கைப் பற்றி நாம் எண்களால் அறிந்தவை சுமார் ஒன்றரை நூற்றாண்டுக்கு உட்பட்டவையே. இந்தக் காலத்துக்குள்ளேயே ஆனைமலையும் அதைச் சூழ்ந்த பகுதிகளும் பெரும் மாறுதல்களைக் கண்டுவிட்டன. 1924ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பெய்த பெருமழை மூணாற்றை அழித்து, குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு இரயில்பாதையை அடித்துச் சென்றது. கொல்லம் ஆண்டு 1099இல் நேர்ந்ததால் கேரள மக்கள் அதனை இன்றும் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றே குறிப்பிடுகின்றனர். 2016ஆம் ஆண்டில் இரு பருவமழைகளும் பொய்த்தன. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2018 ஆகஸ்டில், 1992க்குப் பின் முதல் முறையாக இடுக்கி நீர்த்தேக்கத்தின் மதகுகள் திறக்கப்படுமளவுக்கு வெள்ளம் பெருகியது.

1924ஆம் ஆண்டைப் போன்ற வெள்ளம் நூறு ஆண்டுக்கு ஒரு முறை வருவதா, முந்நூறு ஆண்டுக்கு ஒரு முறை வருவதா? தொடர்ந்து பத்து ஆண்டுகள் மழை குறைவது இம் மலைகளுக்கு இயல்பா, அரிதா? இவை ஏட்டளவில் நின்றுவிடும் கேள்விகள் அல்ல. 1895இல் முடிந்த பெரியாற்று அணை, மேற்கே ஓடும் நீரைக் கிழக்கே திருப்புகிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டமும் அவ்வாறே கோவைப் பகுதி நிலங்களுக்கு நீர் வழங்குகிறது. இந் நீரைப் பகிர்ந்துகொள்ளும் உடன்பாடு இரு மாநிலங்களுக்கிடையே 1970இல் கையெழுத்தாயிற்று. அணையின் உயரமும் மதகின் அகலமும் பங்கீட்டின் அளவும் கடந்த காலத்து மழையைக் கொண்டே நிர்ணயிக்கப்படுகின்றன. நாம் அறிந்த கடந்த காலம் மிகக் குறுகியதாயின், அதன்மீது எழுப்பிய கணக்கும் அந்த அளவுக்கே உறுதி உடையதாகும்.

ஆகவே மழைமானிக்கு முந்திய காலத்துக்கு வேறு சாட்சிகளைத் தேடவேண்டியுள்ளது. பூனாவிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் கேரளத் தேக்கு மரங்களின் ஆண்டு வளையங்களை அளந்து, 523 ஆண்டுகளுக்கான ஒரு தொடர்வரிசையை 2010இல் வெளியிட்டனர். மழை குறைந்த ஆண்டுகளில் வளையம் ஒடுங்கியிருப்பதை அது காட்டுகிறது. நீலகிரியின் சதுப்புகளில் படிந்துள்ள தாவர மட்கை ஆராய்ந்து, கடந்த 20,000 ஆண்டுகளின் ஈர, வறட்சிக் காலங்களை 1993இல் சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் விவரித்தனர். மர வளையம் ஆண்டுக்கு ஒரு வரி எழுதுகிறது. சதுப்பு மண் பல தலைமுறைகளை ஒரே வரியில் அடக்கிவிடுகிறது. ஓர் ஆண்டுக்குள்ளேயே மழை எவ்வாறு தொடங்கி, எவ்வாறு பெருகி, எப்போது ஓய்ந்தது என்று சொல்லக்கூடிய சாட்சிகள் அரியவை. நத்தை ஓடு அத்தகைய அரிய சாட்சிகளுள் ஒன்று.

ஓடு வளரும் விதம்

நத்தையின் ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டினால் ஆனது. கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பதை நாம் அறிவோம். அதே பொருள்தான் இங்கும் உள்ளது. நில நத்தைகளில் அது அரகோனைட் என்னும் படிக வடிவில் அமைகிறது. நத்தை வளரும்போது ஓட்டைக் கழற்றி எறிவதில்லை. உடலைச் சூழ்ந்துள்ள மென்தசையின் விளிம்பிலிருந்து ஒரு திரவம் ஊறி, ஓட்டின் வாய் விளிம்பில் படிந்து இறுகுகிறது. இவ்வாறு விளிம்போடு விளிம்பு சேர்ந்து ஓடு சுருண்டு நீள்கிறது. ஆகவே ஓட்டின் உச்சியில் இருப்பது குஞ்சுப் பருவத்தில் படிந்தது. வாய் அருகில் இருப்பது இறுதியாகப் படிந்தது. உச்சியிலிருந்து வாய்வரை சுருளைப் பின்பற்றிச் செல்வது, அந் நத்தையின் வாழ்நாளை முதலிலிருந்து படிப்பதற்கு ஒப்பாகும்.

நத்தை எப்போதும் வளர்வதில்லை என்பதை மனத்தில் கொள்ளவேண்டும். அதன் உடல் ஈரமாக இருந்தாலொழிய அது நகரவோ உண்ணவோ இயலாது. ஆகவே மழை நாட்களிலும் பனி படிந்த இரவுகளிலுமே அது வெளிவருகிறது. கோடையில் ஓட்டினுள் ஒடுங்கி, வாயை மெல்லிய சவ்வினால் அடைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் உறங்கிவிடுகிறது. அந் நாட்களில் ஓடு வளர்வதில்லை. உறக்கம் முடிந்து வளர்ச்சி மீண்டும் தொடங்கிய இடம் ஓட்டின்மேல் ஒரு கோடாகத் தென்படும். ஆதலால் நத்தை ஓடு ஆண்டு முழுவதற்குமான பதிவு அன்று. அது மழைக் காலத்தின் பதிவு. பருவமழையை ஆராய்பவருக்கு இது ஒரு குறையாகாது.

இரு வகைப் பிராணவாயு

ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட்டில் ஆக்ஸிஜன் எனப்படும் பிராணவாயு அடங்கியுள்ளது. பிராணவாயுவின் அணுக்கள் யாவும் ஒரே எடை உடையவை அல்ல. பத்தாயிரம் அணுக்களை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 9,976 அணுக்கள் 16 என்னும் நிறை உடையவை. 20 அணுக்கள் 18 என்னும் நிறை உடையவை. எஞ்சிய நான்கும் 17. இரசாயனத் தன்மையில் ஒத்து, எடையில் மட்டும் வேறுபடும் இவற்றை ஐசோடோப்புகள் என்கிறோம். நீரிலிருந்து கார்பனேட் படியும்போது கனத்த அணு எவ்வளவு சேரும் என்பது உஷ்ணநிலையைப் பொறுத்தது என்று அமெரிக்க விஞ்ஞானி ஹரால்டு யூரி 1947இல் விளக்கினார். அவரும் அவருடைய துணைவர்களும் 1951இல், பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த பெலம்னைட் என்னும் பிராணியின் எச்சத்திலிருந்து அக் காலக் கடலின் உஷ்ணநிலையைக் கணித்தனர். முற்கால உஷ்ணநிலையை இரசாயனத்தால் அளக்கும் துறை அன்று பிறந்தது.

கடலில் நீரின் தன்மை மெதுவாகவே மாறுகிறது. நிலத்தில் அவ்வாறன்று. நத்தையின் உடல்நீர் அன்றாடம் பெய்யும் மழையிலிருந்தும், ஈரமான இலைகளிலிருந்தும், பனித்துளியிலிருந்தும் வருகிறது. உஷ்ணநிலை ஒரு டிகிரி மாறினால் ஓட்டின் கனத்த பிராணவாயு ஆயிரத்துக்கு 0.2 பங்கு அளவே மாறுகிறது. ஐந்து டிகிரி மாறினாலும் மாறுதல் ஒரு பங்குதான். மழைநீரின் தன்மையோ ஒரே பருவத்துக்குள் பல பங்கு மாறிவிடும். எனவே வெப்ப நாடுகளின் நத்தை ஓடு முதன்மையாக மழையையே எதிரொலிக்கிறது.

மழைநீர் ஏன் மாறுகிறது? மேகத்திலுள்ள நீராவியில் கனத்த அணு கொண்ட மூலக்கூறுகள் முதலில் துளியாகி இறங்குகின்றன. மழை நீடிக்க நீடிக்க எஞ்சிய நீராவி இலேசாகிறது; அதிலிருந்து பெய்யும் மழையும் இலேசாகிறது. வெப்ப மண்டலங்களில் கனமழைக் காலத்து நீரில் கனத்த பிராணவாயு குறைந்திருப்பதை டென்மார்க் விஞ்ஞானி வில்லி டான்ஸ்கார்டு 1964இல் எடுத்துக்காட்டினார். மழை குறைந்து காற்று உலர்ந்திருக்கும்போது நத்தையின் உடலிலிருந்து இலேசான நீர் முதலில் ஆவியாகி, எஞ்சிய உடல்நீர் கனத்ததாகிறது. அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் ஆராய்ச்சி செய்த மீனா பாலகிருஷ்ணனும் கிரேட்டன் யாப்பும் 2004இல் இவ் வரவுசெலவை ஒரு கணித முறையாக வகுத்தனர். அதன்படி மழைநீரின் தன்மை, காற்றின் ஈரப்பதம், உஷ்ணநிலை ஆகிய யாவும் ஓட்டின் தன்மையை நிர்ணயிக்கின்றன. மழையின் குறைவும் காற்றின் வறட்சியும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதாலும், இரண்டும் ஓட்டை ஒரே திசையில் கனக்கச் செய்வதாலும், ஈரக் காலத்தையும் உலர்ந்த காலத்தையும் பிரித்தறிவது எளிதாகிறது.

இரு பருவமழைகளின் முத்திரை

எல்லைப்புற மலைகளுக்கு இவ்வாராய்ச்சியில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. இங்கே இரண்டு பருவமழைகள் சந்திக்கின்றன. கோழிக்கோட்டிலுள்ள நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார் கேரளத்தின் மழைநீரைச் சேகரித்து அளந்தபோது, வடகிழக்குப் பருவமழையின் நீர் தென்மேற்குப் பருவமழையின் நீரைவிட இலேசான பிராணவாயு உடையதாகக் காணப்பட்டது. தென்மேற்கு மழை அரபிக் கடலிலிருந்து நேரே வந்து கரையில் பெய்வது. வடகிழக்கு மழையோ வங்கக் கடலில் உருவாகும் புயல்களோடும் தாழ்வழுத்தங்களோடும் சேர்ந்து, வழியெல்லாம் பொழிந்து வருவது.

ஆகவே மறையூரிலோ சித்தூரிலோ வாழும் நத்தையின் ஓட்டில், ஜூன் முதல் செப்டம்பர் வரை படிந்த பகுதியும் அக்டோபருக்குப் பின் படிந்த பகுதியும் வெவ்வேறு முத்திரை தாங்கியிருக்கும் என எதிர்பார்க்கலாம். எந்த மழை ஓங்கியிருந்தது, எது தவறியது என்று அறிவது ஆண்டின் மொத்த மழையை அறிவதைவிடப் பயனுள்ளது. கிழக்குச் சரிவின் குடியானவருக்கு மொத்த மழையைவிட ஐப்பசி மழையே முக்கியம் என்பதை அவர் விஞ்ஞானியிடம் கேட்டு அறியவேண்டியதில்லை.

ஆப்பிரிக்க நத்தை தந்த சான்று

இம் முறையை இந்திய மண்ணில் சோதித்தவர்கள் பங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் புவி விஞ்ஞான மையத்தைச் சேர்ந்தவர்கள். ரவி ரங்கராஜனும் புரோசெஞ்சித் கோஷும், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பிரெட் நாக்ஸுடன் இணைந்து, ஆப்பிரிக்க ராட்சத நத்தையின் வளர்ச்சிப் பட்டைகளில் மழையின் பருவ மாறுதல் பதிவாகியிருப்பதை 2013இல் வெளியிட்டனர். கடும் மழையின் அடையாளமும் அந்த ஓட்டில் தங்கியிருப்பதை 2017இல் வெளிவந்த மற்றொரு கட்டுரை விவரித்தது.

இந் நத்தை நம் நாட்டுக்கு உரியது அன்று. வங்காளத்தில் அரசுப் பணியிலிருந்த வில்லியம் பென்ஸன் என்பவர் 1847இல் மொரீஷியஸ் தீவிலிருந்து சில நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். சௌரிங்கியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்ட அவற்றின் சந்ததி நாளடைவில் நாடெங்கும் பரவியது. கேரளத்தில் அது முதலில் காலூன்றியது பாலக்காட்டுப் பகுதியில் என்று கூறுவர். வாழை, மரவள்ளி, காய்கறி முதலிய பயிர்களை அழிக்கும் இந்தப் பகைவனே ஆராய்ச்சிக்கு ஏற்ற துணைவனாகவும் அமைந்தது வியப்புக்குரியது. அது விரைவில் வளர்கிறது, ஓடு கனமானது, சில வாரங்களில் படிந்த பகுதியைக்கூடத் தனியே சுரண்டி எடுக்க முடிகிறது.

சோதனை செய்யும் விதம் பின்வருமாறு. ஓட்டை நன்கு கழுவி, மேல்தோலை நீக்கி, வளர்ச்சிக் கோடுகளுக்கு இணையாக நுண்ணிய துரப்பண ஊசியால் வரிசையாகப் பொடி எடுக்கின்றனர். ஒவ்வொரு பொடியும் ஒரு கிராமின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இருந்தால் போதுமானது. அதைப் பாஸ்பாரிக் அமிலத்துடன் சேர்த்தால் கரியமில வாயு வெளிப்படும். அவ் வாயுவை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவியில் செலுத்த, காந்தப் புலம் மூலக்கூறுகளை எடைக்கேற்பப் பிரித்துவிடுகிறது. கனத்ததும் இலேசானதும் எந்த விகிதத்தில் உள்ளன என்று கருவி காட்டுகிறது. அந்த எண்களை ஓட்டின் நீளத்துக்கு எதிராக வரைந்தால், மழைக்காலம் ஒரு பள்ளமாகவும் அதன் முன்னும் பின்னும் உள்ள உலர்ந்த நாட்கள் மேடுகளாகவும் தோன்றும். அவ் வரைபடத்தை அவ்விடத்து மழைமானியின் கணக்குடன் ஒப்பிட்டால்தான் ஓட்டின் மொழி நமக்கு விளங்கும். இன்றைய நத்தையின் மொழியை அறியாமல் பண்டைய நத்தையின் கூற்றை மொழிபெயர்க்க இயலாது.

உண்ட உணவின் அடையாளம்

ஓட்டில் பிராணவாயுவுடன் கரியும் உள்ளது. கரியின் அணுக்களிலும் 12 நிறையுள்ளதும், நூற்றுக்கு ஒன்று என்னும் அளவில் 13 நிறையுள்ளதும் உண்டு. ஓட்டின் கரி பெரும்பாலும் நத்தை உண்ட தாவரத்திலிருந்து வருகிறது. மரங்களும் நெல்லும் ஒரு முறையில் கரியமில வாயுவைக் கிரகிக்கின்றன. வெப்ப நாட்டுப் புற்கள் பலவும், கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவையும் வேறொரு முறையில் கிரகிக்கின்றன. முதல் வகையில் கனத்த கரி, ஒப்புநோக்கும் திட்டப்பொருளைவிட ஆயிரத்துக்குச் சுமார் 27 பங்கு குறைந்திருக்கும். இரண்டாம் வகையில் சுமார் 13 பங்கே குறைந்திருக்கும். உலர்ந்த வெப்ப நிலங்களில் இரண்டாம் வகைப் புற்கள் ஓங்குகின்றன. ஈரம் மிகுந்தால் மரங்கள் ஓங்குகின்றன. ஆகவே ஓட்டின் கரி, அந் நத்தை வாழ்ந்த இடம் காடா புல்வெளியா என்பதைத் தெரிவிக்கும். நீலகிரிச் சதுப்புகளின் ஆராய்ச்சிக்கும் இதே தத்துவம் அடிப்படையாகும்.

இத் தத்துவத்தை நத்தைகளில் திறம்படக் கையாண்டவர் கிளென் குட்பிரெண்டு. இஸ்ரேல் நாட்டின் நெகேவ் பாலைவனத்தில் கிடைத்த பழைய ஓடுகளைக் கொண்டு, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே இன்றைவிட மிகுதியாக மழை பெய்தது என்று அவர் 1988இல் காட்டினார். ஓட்டின் சுண்ணாம்பை அவர் இதற்குப் பயன்படுத்தவில்லை. சுண்ணாம்புப் படிகங்களைப் பிணைத்து நிற்கும் சிறிதளவு புரதப் பொருளையே பயன்படுத்தினார். அவர் அவ்வாறு செய்ததற்குத் தக்க காரணம் உண்டு.

சுண்ணாம்பு விளைவிக்கும் பிழை

ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும். அது குறைந்த இடங்களில் நத்தைகள் மண்ணையும் கல்லையும் சுவரையும் சுரண்டித் தின்பதைக் காணலாம். சுண்ணாம்புப் பாறை கிடைத்தால் அதையும் தின்கின்றன. பாறையின் கரியும் ஓட்டில் சேர்ந்துவிடுகிறது. இதனால் இரு பிழைகள் நேர்கின்றன.

முதலாவது, வயதைக் கணிப்பதில் நேர்வது. பழைய ஓட்டின் வயதை அதிலுள்ள கதிரியக்கக் கரியின் எச்சத்தைக்கொண்டு கணக்கிடுவர். சுண்ணாம்புப் பாறையிலோ அக் கரி முற்றும் அழிந்துவிட்டது. ஓட்டின் கரியில் பத்தில் ஒரு பங்கு பாறையிலிருந்து வந்தால், அந்த ஓடு உண்மையைவிட ஏறக்குறைய 850 ஆண்டுகள் மூத்ததாகத் தோன்றும். நான்கில் ஒரு பங்கு வந்தால் பிழை சுமார் 2,300 ஆண்டுகளாகும். நேற்று இறந்த நத்தை, கரிகாலன் காலத்துக்கும் முற்பட்டதாகக் கணக்கில் வந்துவிடும்.

இரண்டாவது பிழை இதனினும் நுட்பமானது. சுண்ணாம்புப் பாறையில் கனத்த கரி மிகுதி. அது ஓட்டில் கலந்தால், நத்தை வறண்ட நிலத்துப் புல்லைத் தின்றதைப் போன்ற தோற்றம் உண்டாகும். பசுங்காட்டில் வாழ்ந்த நத்தையும் வறட்சிக்குச் சாட்சி சொல்வதாக நாம் மயங்கக்கூடும்.

இம் மயக்கம் ஆனைமலைச் சூழலில் வெறும் கற்பனையன்று. பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலுள்ள வாளையாற்றிலும், கோவையருகே மதுக்கரையிலும் சிமெண்டு ஆலைகள் எழுந்ததற்கு அங்குள்ள சுண்ணாம்புப் பாறையே காரணம். சித்தூர்ப் பகுதியின் கரிசல் மண்ணிலும் சுண்ணாம்பு உண்டு. அங்கே நத்தை ஓடு மண்ணில் கரையாமல் நெடுங்காலம் தங்கும். ஆனால் பாறைக் கரி கலந்திருக்கும் ஐயமும் உண்டு. இடுக்கியின் உயர்ந்த மலைகளிலோ மண் அமிலத் தன்மை உடையது. அங்கு ஓடுகள் தூயவையாயினும், மழை மிகுந்த மண்ணில் விரைவில் கரைந்து மறைகின்றன. ஓடு நிலைக்கும் இடத்தில் சாட்சியம் ஐயத்துக்குரியது. சாட்சியம் தூய்மையாக உள்ள இடத்தில் ஓடு நிலைப்பதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலமாக, சுண்ணாம்புப் பாறை இன்றி மழையும் குறைந்துள்ள சின்னாற்றுப் பள்ளத்தாக்கு போன்ற மழைமறைவுப் பகுதிகள் தனிக் கவனத்துக்குரியவை.

மறையூரில் வேறோர் எச்சரிக்கையும் தேவை. அங்கு கரும்பு பயிராகி, வெல்லம் காய்ச்சப்படுகிறது. கரும்புத் தோட்டத்து நத்தையின் கரி வறண்ட புல்வெளியின் கரியைப் போலவே தோன்றும். அதைக்கொண்டு மறையூர் வறண்டுவிட்டது என்று முடிவுசெய்தால், வானத்தின் செயலுக்கும் மனிதனின் செயலுக்கும் வேறுபாடு காணாதவராவோம்.

இப் பிழைகளைத் திருத்த வழிகள் உண்டு. முதலில் அதே இடத்தில் வாழும் நத்தைகளை அளந்து, பாறைக் கரியின் பங்கை அறியவேண்டும். சுண்ணாம்பை நாடாத சிறு இனங்களைத் தேர்ந்தெடுக்கலாம். குட்பிரெண்டு செய்ததுபோல் புரதப் பொருளை ஆராயலாம். பழைய ஓடு இன்னும் அரகோனைட்டாகவே உள்ளதா, கால்சைட்டாக மாறிவிட்டதா என்று எக்ஸ்-கதிரால் சோதிக்கவேண்டும். மாறியிருந்தால் அதன் முதல் எழுத்துகள் அழிந்துவிட்டன என்றே பொருள்.

உஷ்ணநிலையைத் தனியே அளத்தல்

பிராணவாயுவின் விகிதத்தில் மழையும் உஷ்ணநிலையும் கலந்தே வெளிப்படுவதால், இரண்டையும் பிரிக்க ஒரு வழி நெடுங்காலம் தேடப்பட்டது. புரோசெஞ்சித் கோஷ் கலிபோர்னியாவில் ஜான் ஐலர் முதலியோருடன் பணியாற்றியபோது 2006இல் அத்தகைய வழி ஒன்றை வெளியிட்டார். கனத்த கரி அணுவும் கனத்த பிராணவாயு அணுவும் ஒரே மூலக்கூறில் இணைவது மிக அரிது. ஓட்டிலிருந்து கிடைக்கும் கரியமில வாயுவில் இத்தகைய மூலக்கூறுகள் பத்து இலட்சத்துக்குச் சுமார் 45 மட்டுமே. எனினும் குளிர்ந்த நிலையில் இவ்விணைப்பு சற்று மிகுதியாகவும் வெப்பத்தில் குறைவாகவும் நிகழ்கிறது. நீர் எத்தகையது என்பதை அது பொருட்படுத்துவதில்லை. எனவே இணைந்த அணுக்களை எண்ணி உஷ்ணநிலையை அறிந்து, பின்னர் சாதாரண விகிதத்திலிருந்து நீரின் தன்மையைக் கணிக்கலாம்.

இங்கும் நத்தையின் வாழ்க்கையை அறிந்தே பொருள் கொள்ளவேண்டும். யேல் பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நத்தை ஓடுகள் காட்டிய உஷ்ணநிலை சுற்றுப்புறக் காற்றின் உஷ்ணநிலையைவிட உயர்ந்திருந்தது. ஓடு கூறுவது வானிலை நிலையத்தின் உஷ்ணநிலையை அன்று. இலையடியிலும் கல்லடியிலும், வளரும் வேளையில் நத்தையின் உடல் இருந்த உஷ்ணநிலையையே அது கூறுகிறது.

பழைய ஓடுகள்

ஆப்பிரிக்க நத்தை 1847க்கு முன் இந்நாட்டில் இருந்ததில்லை. ஆகவே அதைக்கொண்டு முறையைப் பயிலலாமேயன்றி, பண்டைக் காலத்தை அறிய இயலாது. அதற்கு நம் நாட்டு நத்தைகளே வேண்டும். தென்னிந்தியச் சமவெளிகளில் மழைக்குப்பின் வேலியோரங்களில் காணப்படும் கிரிப்டோசோனா, மூடியுடைய சைக்ளோபோரஸ் முதலியவற்றின் ஓடுகள் உறுதியானவை. மலைக்காட்டில் சிவந்த உடலுடன் ஊர்ந்து செல்லும் இண்ட்ரெல்லாவின் ஓடு மென்மையானதாகையால் மண்ணில் நிலைப்பது அரிது.

மண்ணில் புதைந்தவற்றுக்கும் இன்று உயிரோடிருப்பவற்றுக்கும் இடையே பாலமாக அமைபவை அருங்காட்சியகங்களின் பெட்டிகள். சென்னை மாகாண வனத்துறையில் தலைமைப் பதவி வகித்த ரிச்சர்டு பெட்டோம், தென்னாட்டு மலைகளில் செடிகளையும் பாம்புகளையும் சேகரித்ததுடன் நத்தைகளையும் சேகரித்தார். அத்தகைய ஓட்டில் இடமும் காலமும் குறிக்கப்பட்டிருந்தால், அது மழைமானி இல்லாத மலைச் சரிவில் பெய்த மழைக்கு ஆவணமாகும். நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் காற்றின் கனத்த கரி கடந்த இரு நூற்றாண்டுகளில் ஆயிரத்துக்குச் சுமார் 2 பங்கு குறைந்துள்ளது. பழைய ஓட்டையும் புதிய ஓட்டையும் ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டைத் திருத்திக்கொள்ளவேண்டும். உணவையும் சுண்ணாம்பையும் போலவே நம் காலத்துப் புகையும் நத்தை ஓட்டில் பதிந்துவிட்டது.

ஒரே ஓடு ஓரிரு ஆண்டுகளின் கதையைத்தான் சொல்லும். ஓர் ஆண்டின் பெருமழையைக்கொண்டு ஒரு காலத்தின் தட்பவெப்பத்தை முடிவுசெய்வது தவறு. ஒரே படிவிலிருந்து பல ஓடுகளை அளந்து, அவற்றின் சராசரியையும் பரவலையும் காணவேண்டும். சதுப்பு மண் நூற்றாண்டின் சராசரியைத் தரும். மர வளையம் ஆண்டின் கணக்கைத் தரும். நத்தை ஓடு அந்தந்த ஆண்டில் மழை எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதைத் தரும். மூன்றும் ஒத்துரைத்தால் அக் கூற்றின்மீது அணைக்கணக்கை அமைக்கலாம். முரண்பட்டால், எங்கே பிழை என்று மீண்டும் தேடவேண்டும்.

இந்திய மழைக் கணக்கின் தொடக்கத்திலேயே நத்தைக்கு ஓர் இடம் உண்டு. வில்லியம் பிளான்போர்டு, ஹென்றி பிளான்போர்டு என்னும் சகோதரர் இருவரும் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பணியாற்றியவர்கள். 1860ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இந்திய நத்தைகளைப் பற்றி இருவரும் சேர்ந்து கட்டுரைகள் எழுதினர். இளையவரான ஹென்றி, 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவரானார். நாடெங்கும் மழையை அளக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். வில்லியம் நத்தைகளின் ஆராய்ச்சியை இறுதிவரை கைவிடவில்லை. ஒருவர் அளந்த மழையும் மற்றவர் சேகரித்த ஓடும் ஒரே செய்தியின் இரு பிரதிகள் என்பதை அக் காலத்தில் எவரும் அறிந்திருக்க இயலாது. இன்று அவற்றை அருகருகே வைத்துப் படிக்க முடிகிறது. மழைமானி இல்லாத நூற்றாண்டுகளுக்கு இரண்டாவது பிரதி ஒன்றே எஞ்சியுள்ளது. பாலக்காட்டின் கரிசலிலும் சின்னாற்றின் மணலிலும் அது புதைந்திருக்குமாயின், உழவும் கட்டடமும் அதைக் கலைத்துவிடுமுன் எடுத்து, இடத்தையும் ஆழத்தையும் குறித்துப் பாதுகாப்பது முதற் கடமையாகும்.